தால் ஏரியின் மிதக்கும் காய்கறித் தோட்டங்கள்

காஷ்மீர்ப் பள்ளத்தாக்கிற்குச் சுற்றுலா செல்பவர்கள் ஏரியில் படகு, மலைச்சரிவில் பூந்தோட்டம், தொலைவில் பனிமுகடு ஆகிய மூன்றையும் கண்டு களித்துவிட்டுத் திரும்பிவிடுவது வழக்கம். இம்மூன்றும் காணத் தக்கவையே. ஆனால் பயிர்த்தொழில் செய்யும் ஒருவர் அங்கு செல்வாரானால், அவர் பொழுது புலருமுன் எழுந்து பார்க்க வேண்டிய காட்சி வேறொன்று உண்டு. ஸ்ரீநகரில் தால் ஏரியின் உட்புறத்தில், இருள் பிரியும் வேளையில் நூற்றுக்கு மேற்பட்ட சிறு படகுகள் கூடுகின்றன. ஒவ்வொன்றிலும் கீரைக் கட்டுகள், நூக்கோல், முள்ளங்கி, தக்காளி, வெள்ளரி, சுரைக்காய் ஆகியவை குவிந்திருக்கும். படகிலேயே விலை பேசி, படகிலேயே சரக்கு கைமாறுகிறது. சூரியன் மேலே வருவதற்குள் சந்தை கலைந்துவிடுகிறது.

இக்காய்கறிகளில் பெரும்பகுதி கரையில் விளைந்தவை அல்ல. ஏரியிலேயே விளைந்தவை. அதிலும் ஒரு பகுதி, தண்ணீரின் மேல் மிதக்கும் தோட்டங்களில் விளைந்தவை. இத்தோட்டங்கள் எவ்வாறு அமைக்கப்படுகின்றன, அவற்றால் ஏரிக்கு நன்மையா, தீமையா என்பதை விவசாயப் பெருமக்கள் அறிந்துகொள்வது பயனுள்ளதாகும்.

பள்ளத்தாக்கின் அமைப்பு

வடகிழக்கே பெரிய இமயமலைத் தொடருக்கும் தென்மேற்கே பீர் பஞ்சால் தொடருக்கும் இடையே கிண்ணம் போல் அமைந்துள்ளது காஷ்மீர்ப் பள்ளத்தாக்கு. இதன் நீளம் சுமார் 135 கிலோமீட்டர். அகலம் சுமார் 32 கிலோமீட்டர். தெற்கே வெரிநாக் ஊற்றில் தோன்றும் ஜீலம் நதி ஸ்ரீநகரைக் கடந்து, ஊலர் ஏரிக்குள் புகுந்து, பாரமுல்லா அருகே மலைகளைத் துளைத்துக்கொண்டு வெளியேறுகிறது. பல லட்சம் ஆண்டுகளுக்கு முன்னர் இப்பள்ளத்தாக்கே ஒரு பெரும் ஏரியாக இருந்தது என்பது நிலநூல் அறிஞர்களின் முடிவு. அந்தப் பழைய ஏரியின் படிவுகளே இன்று ‘கரேவா’ எனப்படும் மேட்டு நிலங்கள். புகழ்பெற்ற பாம்பூர் குங்குமப்பூ விளைவது இந்த மேடுகளில்தான்.

ஸ்ரீநகர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,580 மீட்டர் உயரத்தில் உள்ளது. கொடைக்கானலைவிட இது தாழ்வான இடமே. ஆனால் நிலநடுக்கோட்டிலிருந்து 34 பாகை வடக்கே இருப்பதால் குளிர்காலம் மிகக் கடுமையானது. டிசம்பர் 21-ம் தேதி தொடங்கும் 40 நாட்களை அங்குள்ளோர் ‘சில்லை கலான்’, அதாவது பெருங்குளிர்க் காலம் என்பர். சில ஆண்டுகளில் தால் ஏரியின் மேற்பரப்பே பனிக்கட்டியாக உறைந்துவிடும். தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியைப் பீர் பஞ்சால் தடுத்துவிடுகிறது. பள்ளத்தாக்கிற்கு நீர் தருவது பெரும்பாலும் குளிர்காலப் பனியும் வசந்தகால மழையுமே.

எனவே திறந்த வெளியில் கோடைக் காய்கறிகளைச் சாகுபடி செய்ய ஏறக்குறைய ஏப்ரல் முதல் அக்டோபர் வரையே காலம் கிடைக்கிறது. சமதளமான நிலமும் குறைவு. நிலம் குறைந்த இடத்தில், நீரையே நிலமாக்கிக் கொள்ளும் யுக்தியை ஏரிவாசிகள் கண்டறிந்தனர்.

ஏரியின் இயல்பு

தால் ஏரியின் பரப்பு சுமார் 18 சதுர கிலோமீட்டர். ககரிபல், லோகுட் தால், போட் தால், நகீன் என நான்கு பகுதிகளாக இது பிரிந்துள்ளது. மிக ஆழமான இடத்திலும் சுமார் 6 மீட்டருக்கு மேல் ஆழமில்லை; பெரும்பகுதியில் ஒரு மனிதர் உயரமே தண்ணீர் இருக்கும். தாச்சிகாம் காட்டுப் பகுதியிலிருந்து வரும் தேல்பல் ஓடை இதற்கு முக்கிய நீர்வரத்து. ஏரியின் அடியிலும் ஊற்றுகள் உண்டு. மிகும் நீர் தால் கேட் மதகு வழியாக ஜீலம் நதியின் கிளைக்குச் செல்கிறது.

ஆழம் குறைவாக இருப்பதால் சூரிய ஒளி அடித்தரை வரை எட்டுகிறது. ஆகவே நீர்த்தாவரங்கள் செழித்து வளர்கின்றன. கரையோரங்களில் சம்பும் நாணலும், நீருக்குள் வேலம்பாசி போன்ற பாசியினங்களும், மேற்பரப்பில் தாமரையும் அல்லியும் காணப்படுகின்றன. மிதக்கும் தோட்டத்தின் மூலப்பொருட்கள் இவைதான்.

மிதவை அமைக்கும் முறை

மிதக்கும் தோட்டத்தைக் காஷ்மீரி மொழியில் ‘ராத்’ என்பர். சம்பு அடர்ந்து வளர்ந்துள்ள இடத்தில், அதன் வேர்களும் கிழங்குகளும் ஒன்றோடொன்று பின்னிப் பாய் போல் ஆகியிருக்கும். அப்பாயை அடித்தரையிலிருந்து அறுத்து விடுவித்து, நீண்ட பட்டைகளாக வெட்டுகின்றனர். பட்டையின் அகலம் ஏறக்குறைய 2 மீட்டர். நீளம் அவரவர் வசதியைப் பொறுத்தது. ஒரு பட்டையுடன் மற்றொன்றைச் சேர்த்துக் கட்டி நீட்டிக் கொள்வதும் உண்டு.

இம்மிதவையைப் படகில் கட்டி வேண்டிய இடத்திற்கு இழுத்து வந்து, அதன் வழியே நீண்ட கழிகளை ஏரியின் அடிச்சேற்றில் ஊன்றி நிறுத்துகின்றனர். கழி மிதவையை நகரவிடாமல் காக்குமே அன்றி, ஏறி இறங்குவதைத் தடுக்காது. பனி உருகி ஏரி நிரம்பும்போது தோட்டமும் உயரும். நீர் வடியும்போது தோட்டமும் தாழும். வெள்ளத்தால் பயிர் மூழ்குவது என்னும் பேச்சுக்குச் சாதாரண காலங்களில் இடமில்லை.

பின்னர் நீருக்குள்ளிருந்து பாசியை நீண்ட கழியால் சுருட்டி எடுத்து மிதவையின் மேல் பரப்புகின்றனர். அதன் மேல் அடிச்சேற்றை வாரிப் போடுகின்றனர். இவ்விரண்டும் கலந்து மக்கியதும், குறிப்பிட்ட இடைவெளியில் கூம்பு வடிவில் சிறு குவியல்கள் அமைத்து, ஒவ்வொன்றிலும் சில நாற்றுகளை நடுகின்றனர். தக்காளி, வெள்ளரி, முலாம்பழம், தர்ப்பூசணி, சுரை, பரங்கி ஆகியவை இதற்கு ஏற்றவை. அடிப்பகுதி ஆண்டுதோறும் சிறிது அழுகிக் கரைவதால், ஒவ்வொரு பருவத்திலும் புதிதாகப் பாசியும் சேறும் இட்டுத் தோட்டத்தைப் புதுப்பிக்க வேண்டும்.

மிதக்கும் நிலத்திற்கு ஒரு தனிச் சங்கடமும் உண்டு. கழியைப் பிடுங்கிவிட்டால் இரவோடிரவாகத் தோட்டத்தையே இழுத்துச் சென்றுவிடலாம்! காஷ்மீரில் நிலவரித் திட்ட அலுவலராக இருந்த வால்டர் லாரன்ஸ், 1895-ம் ஆண்டில் வெளியிட்ட தமது நூலில் இந்த நிலத் திருட்டைப் பற்றி எழுதியிருக்கிறார். வரப்பை நகர்த்தும் வழக்குகளைப் பார்த்துப் பழகிய விவசாயிகளுக்கும் வயலே காணாமற்போன வழக்கு வியப்பாகத்தான் இருக்கும்.

பயிர் செழிப்பது ஏன்?

சம்பின் தண்டிலும் கிழங்கிலும் காற்றறைகள் நிறைந்துள்ளன. மிதவை மூழ்காமல் இருப்பதற்கு இவையே காரணம். குவியலின் அடிப்பகுதி எப்போதும் நீரைத் தொட்டுக்கொண்டிருப்பதால், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல ஈரம் மேலேறிக்கொண்டே இருக்கும். ஆகவே நீர் பாய்ச்சும் வேலை மிகக் குறைவு. அதே சமயம் கூம்பின் மேற்பகுதி நீர்மட்டத்திற்கு மேலே இருப்பதால், வேர்களுக்குக் காற்றோட்டம் குறைவதில்லை. வடிகாலும் பாசனமும் ஒருங்கே அமைந்த பாத்தி இது எனலாம். மேலும், பகலில் வெப்பத்தைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் ஏரி நீர் இரவில் அதை மெல்ல வெளியிடுவதால், பருவத்தின் முன்னும் பின்னும் பயிருக்குக் குளிரின் தாக்கம் ஓரளவு குறைகிறது.

உரத்தைப் பொறுத்தவரை ஒரு சிறு கணக்கைப் பார்க்கலாம். நீர்ப்பாசியில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீரே. 10 டன் பச்சைப் பாசியை உலர்த்தினால் சுமார் 1 டன் கிடைக்கும். அதில் தழைச்சத்து சுமார் 2 சதவீதம் என்று கொண்டால், 20 கிலோ ஆகிறது. 45 கிலோ கொண்ட ஒரு மூட்டை யூரியாவில் உள்ள தழைச்சத்தும் ஏறக்குறைய இவ்வளவே. அதாவது 10 டன் பாசியை ஏரியிலிருந்து எடுத்துத் தோட்டத்தில் இடும் குடும்பம் ஒரு மூட்டை யூரியாவிற்கு ஈடான சத்தைப் பயிருக்கு அளிக்கிறது. அதைவிட முக்கியமாக, அந்தச் சத்தை ஏரி நீரிலிருந்து அகற்றிவிடுகிறது. பாசியை எடுக்காமல் விட்டால், அது அங்கேயே மடிந்து அழுகி, அதே சத்து மறுபடி நீரில் கலந்து, அடுத்த ஆண்டின் பாசிக்கு உரமாகும்.

நிலையான பாத்திகள்

ஏரியில் மற்றொரு வகைத் தோட்டமும் உண்டு. இதற்குத் ‘தெம்ப்’ என்று பெயர். ஆழமில்லாத இடத்தில் பாசியும் சேறும் கொண்டு மேடு எழுப்பி, ஓரங்களில் வில்லோ மரங்களை நட்டுக் கரையை உறுதிப்படுத்துகின்றனர். மேடுகளுக்கிடையே படகு செல்லும் கால்வாய்கள் உள்ளன. ஆண்டுதோறும் கால்வாய்ச் சேற்றை வாரி மேட்டில் இடுவதால், கால்வாயும் தூர்வதில்லை. மேட்டின் வளமும் குன்றுவதில்லை. ‘ஹாக்’ எனப்படும் கீரை இங்கு முக்கியப் பயிர். இது முட்டைக்கோஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் தலை கட்டாது. இலைகளைப் பறித்துச் சமைப்பர். காஷ்மீர் மக்களின் அன்றாட உணவில் சோற்றுக்கு அடுத்த இடம் இதற்கு உண்டு. நூக்கோல், டர்னிப், முள்ளங்கி, கத்தரி, மிளகாய் ஆகியவையும் பயிராகின்றன.

தாமரைத் தண்டும் ஏரி தரும் செல்வமே. ‘நத்ரு’ எனப்படும் இதை இலையுதிர் காலம் முதல் குளிர்காலம் வரை அடிச்சேற்றிலிருந்து நீண்ட கழியால் இழுத்தெடுப்பர். குளிர்காலத் தேவைக்காகச் சுரை, கத்தரி, தக்காளி ஆகியவற்றைக் கோடையிலேயே நறுக்கி உலர்த்தி வற்றலாக வைத்துக்கொள்வதும் அங்குள்ள குடும்பங்களின் வழக்கம்.

தோட்டங்களும் ஏரியும் ஒரே நீர்

பயணிகள் விரும்பிச் செல்லும் முகலாயத் தோட்டங்கள் ஏரியின் கிழக்குக் கரையில் உள்ளன. ஷாலிமார் தோட்டத்தை 1619-ம் ஆண்டில் மன்னர் ஜஹாங்கீர் அமைத்தார். நிஷாத் தோட்டம் 1633-ல் ஆசப் கானால் அமைக்கப்பட்டது. இது 12 படிகளாக ஏரியை நோக்கி இறங்குகிறது. ஹார்வான் பக்கத்திலிருந்து வாய்க்கால் வழியாகக் கொண்டுவந்த நீர் ஷாலிமாரின் நடுவே படிப்படியாக இறங்குகிறது. மேல்மட்ட நீரின் அழுத்தத்தாலேயே நீரூற்றுகள் பீறிடும்படி அவை அமைக்கப்பட்டன. எந்திரம் எதுவும் இல்லாத காலத்து ஏற்பாடு அது. சரிவான நிலத்தில் படிகட்டி, நீரின் வேகத்தைத் தணித்துப் பயன்படுத்தும் முறைக்கு இத்தோட்டங்கள் கண்கண்ட பாடமாகும். 2007-ம் ஆண்டில் திறக்கப்பட்ட டூலிப் மலர்த் தோட்டமும் இதே ஜபர்வான் மலையடிவாரத்தில் சுமார் 30 எக்டரில் அமைந்துள்ளது.

மலையிலிருந்து இறங்கும் நீர் முடிவில் சேருமிடம் தால் ஏரி என்பதை நினைவில் கொள்ள வேண்டும். மேலே காடு அழிந்தால் கீழே ஏரியில் வண்டல் சேரும். நகரத்தின் கழிவுநீர் கலந்தால் ஏரியில் களை பெருகும்.

ஏரிக்கு வந்துள்ள ஆபத்து

இன்று நடப்பது இதுவே. நகரக் கழிவுநீர், படகு வீடுகள் மற்றும் ஏரிக்குள் உள்ள குடியிருப்புகளின் கழிவு, மலைச்சரிவு வண்டல் ஆகியவை சேர்ந்து ஏரியில் சத்து மிகுந்துவிட்டது. 1991-ம் ஆண்டில் நீரின் மேற்பரப்பில் செந்நிறப் படலம் தோன்றி மக்களைத் திடுக்கிடச் செய்தது. நுண்ணிய நீர்வாழ் உயிரிகள் அளவுமீறிப் பெருகியதே இதற்குக் காரணம். நெல்வயலில் தழைச்சத்து தந்து உதவும் அசோலா, அங்கே நீரை மூடிப் பரவும் தொல்லையாகிவிட்டது. களைகளை அகற்ற எந்திரங்களும், ஆயிரக்கணக்கான கூலியாட்களும் தேவைப்படுகின்றனர்.

இந்நிலையில் மிதக்கும் தோட்டங்களும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்படுகின்றன. இக்குற்றச்சாட்டை நிதானமாக ஆராய வேண்டும். பாசியையும் சேற்றையும் எடுத்துக் காய்கறியாக்கி நகருக்கு அனுப்பும் தோட்டம் ஏரியைச் சுத்தம் செய்கிறது. இதில் ஐயமில்லை. ஆனால் அதே மிதவையின் மேல் ஆண்டுதோறும் தேவைக்கு மேல் சேறு ஏற்றிக்கொண்டே போனால், அது கனத்து, தரைதட்டி, ஒருநாள் நிலைத்துவிடுகிறது. மிதவை தெம்ப் ஆகிறது. தெம்பில் மரம் வளர்கிறது. மரத்தருகே வீடு எழுகிறது. வீட்டுக்குப் பாதை வேண்டியதாகிறது. அந்த அளவு நீர்ப்பரப்பு ஏரிக்கு நிரந்தரமாக நஷ்டம். மிதக்கும் தோட்டத்திற்கும் ஆக்கிரமிப்பிற்கும் இடையே உள்ள வேறுபாடு சில அடிச் சேறுதான்.

இரசாயன உரமும் பூச்சிமருந்தும் இதைப் போன்றே கவனத்திற்குரியவை. வயலில் இட்ட உரத்தில் ஒரு பகுதியையாவது மண் பிடித்து வைத்துக்கொள்ளும். மிதவையில் இட்ட உரத்திற்கும் ஏரிக்கும் இடையே தடுப்பேதும் கிடையாது. மழை பெய்தால் அது நேரே நீரில் இறங்கும். பாசிக்கு உரமிட்டு, பிறகு பாசி பெருகிவிட்டதே என்று வருந்துவதில் பயனில்லை.

2014-ம் ஆண்டு செப்டம்பரில் வந்த பெருவெள்ளத்திற்குப் பின் ஏரியில் தாமரை பெருமளவு அழிந்து, சில ஆண்டுகள் நத்ரு விளைச்சல் மிகவும் குறைந்தது. ஏரி கெட்டால் அதன் முதல் அடி, ஏரியை நம்பிப் பிழைக்கும் விவசாயியின் வயிற்றில்தான் விழும். ஏரிக்குள் வாழும் குடும்பங்களைக் கரைக்கு மாற்ற அரசு முயன்று வருகிறது. ராக்-இ-ஆர்த் என்னுமிடத்தில் மனைகளும் அளிக்கப்பட்டுள்ளன. ஆனால் தலைமுறை தலைமுறையாகத் தண்ணீரில் பயிர் செய்தவருக்கு, கரையில் ஒரு வீட்டுமனை மட்டும் தோட்டத்திற்கு ஈடாகாது. வீட்டுடன் தொழிலுக்கும் வழி காட்டினால்தான் மாற்றம் நிலைக்கும்.

ஊலர் ஏரி சொல்லும் பாடம்

கெட்ட ஏரியை மீட்க முடியுமா என்னும் கேள்விக்கு, பள்ளத்தாக்கின் வடமேற்கிலுள்ள ஊலர் ஏரி விடை தருகிறது. 1911-ம் ஆண்டில் சுமார் 158 சதுர கிலோமீட்டராக இருந்த இதன் பரப்பு, 2007-ல் சுமார் 87 சதுர கிலோமீட்டராகச் சுருங்கியிருந்தது. ஏரிப்பகுதியில் விறகுக்காகவும் மரத்திற்காகவும் நட்ட வில்லோ மரங்கள் வண்டலைப் பிடித்து நிறுத்தியது இதற்கு ஒரு முக்கியக் காரணம். 1992-ம் ஆண்டு வெள்ளத்தில் வந்து படிந்த வண்டல் அங்கிருந்த தாமரையை மூடிவிட்டது. அதன்பின் மரங்களை அகற்றித் தூர் வாரும் பணி மேற்கொள்ளப்பட்டது. தூர் வாரிய இடங்களில், முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 2025-ம் ஆண்டில் தாமரை மீண்டும் பூத்தது. அத்தனை காலமும் சேற்றுக்கடியில் உயிர் காத்திருந்தது என்று அங்குள்ளோர் நம்புகின்றனர். தாமரை விதை பல்லாண்டுகள் கெடாமல் கிடக்கக் கூடியது என்பது அறிவியல் ஒப்பிய உண்மையே.

செல்வோர் கவனத்திற்கு

மிதக்கும் தோட்டங்களைப் பயிருடன் காண ஜூன் முதல் செப்டம்பர் வரை ஏற்ற காலம். ஜூலை, ஆகஸ்டில் தாமரை பூத்திருக்கும். டூலிப் மலர்களுக்கு மார்ச் இறுதி முதல் ஏப்ரல் வரையிலும், பாம்பூர் குங்குமப்பூவிற்கு அக்டோபர் பிற்பகுதி முதல் நவம்பர் முற்பகுதி வரையிலும் செல்ல வேண்டும். 2025 ஜூன் முதல் கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு ரயில் வசதி ஏற்பட்டுள்ளது. புறப்படுமுன் அன்றைய பயண நிலவரத்தை விசாரித்துக்கொள்வது நல்லது.

காய்கறிச் சந்தையைக் காண முந்தின மாலையே படகோட்டியிடம் சொல்லி வைத்து, விடியற்காலை 5 மணிக்கு முன்னரே புறப்பட வேண்டும். தோட்டக்காரரின் அனுமதியின்றி மிதவையில் கால் வைக்கக் கூடாது. ஓரத்தில் மிதித்தால் பாத்தி சரியும். உணவுப் பொட்டலங்களையும் பிளாஸ்டிக் பைகளையும் நீரில் வீசக் கூடாது. ஏரிக்கரையிலுள்ள ஷாலிமாரில் ஷேர்-இ-காஷ்மீர் வேளாண் பல்கலைக் கழகம் அமைந்துள்ளது. குளிர்ப் பிரதேசப் பயிர்களைப் பற்றி அறிய விரும்பும் விவசாயிகள் முன்கூட்டி எழுதிவிட்டு அங்கு செல்லலாம்.

தமிழக விவசாயிகள் தம் ஊர் ஏரியில் மிதக்கும் தோட்டம் போட முனைய வேண்டியதில்லை. கோடையில் வற்றும் பாசன ஏரிக்கு அது பொருந்தாது. ஆனால் களையை எருவாக்கும் அடிப்படை எங்கும் பொருந்தும். ஆகாயத் தாமரை மூடிய ஏரி, குளங்களில் அதைக் காய்ப்பதற்கு முன் அகற்றி, கரையில் ஓரிரு நாள் வாட விட்டு, சாணக் கரைசல் தெளித்து மக்க வைத்தால் நல்ல தொழு உரம் கிடைக்கும். ஆலைக் கழிவு கலக்கும் நீர்நிலைகளின் களையை மட்டும் காய்கறிப் பயிருக்கு இடக் கூடாது. அதில் நச்சு உலோகங்கள் சேர்ந்திருக்கலாம்.

தால் ஏரி விவசாயியின் தோட்டத்தைத் தாங்கி நிற்பது தண்ணீர். அத்தண்ணீர் உள்ளவரைதான் தோட்டம் மிதக்கும். எவ்வளவு எடுத்தால் ஏரி செழிக்கும், எவ்வளவு கொட்டினால் ஏரி மறையும் என்ற அளவை அறிந்து நடப்பதே அங்குள்ள விவசாயிக்கும், அதைப் பார்த்துவிட்டு வரும் விவசாயிக்கும் உரிய பாடமாகும்.